ஒரு ரூபாய் நாணயமும் தகடூர் அதியமானும்: யார் இந்த ஜேம்ஸ் பிரின்செப்?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் அதியமான்கோட்டை என்று ஓர் ஊர் வரும். பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேர் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான அதியமான் நெடுமான் அஞ்சி, அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைக் கேட்காத பிள்ளை இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது.

கதை சரி. அந்த அதியமான் வெறும் பாட்டுக்குள் இருக்கிறவரா, நிஜமாகவே ஆண்டவரா? இதுக்குக் கல்லில் எழுதிய பதில் கிடைத்தது 1981இல்தான். அந்தப் பதிலோட மறுபாதி அதற்கு 140 வருஷங்களுக்கு முன்னாடியே கல்கத்தாவில் ஒருத்தர் கையில் இருந்தது. அவர் தமிழறிஞர் கிடையாது, வரலாற்றுப் பேராசிரியரும் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தங்கசாலையில் வெள்ளியை உருக்கி மாற்றுப் பார்ப்பதுதான் அவர் வேலை. பெயர் ஜேம்ஸ் பிரின்செப்.

இந்தியா முழுக்க ஒரே எடை, ஒரே மாற்று உள்ள ஒரு ரூபாய் நாணயம் வந்ததில் இந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. அசோகர் கல்வெட்டுகளைப் படித்துக் காட்டியவரும் இவரே. இரண்டும் தனித்தனிக் கதை மாதிரித் தெரியும். ஆனால் நடுவில் இருப்பது நாணயம்தான்.

ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய்?

பிரின்செப் பிறந்தது 1799 ஆகஸ்ட் 20, இங்கிலாந்தின் எசெக்ஸில். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தது அதே வருஷம் மே மாதம். அதற்கு 7 வருஷம் முன்னாடி, 1792இல், திப்புவிடமிருந்து பாராமகால் பகுதி கம்பெனி கைக்கு வந்திருந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதில் அடக்கம். அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, பின்னாளில் மதராஸ் கவர்னர் ஆனவர், தருமபுரியில் தங்கித்தான் நில அளவையும் வரி வசூலும் பழகினார்.

வரி என்றால் எந்தக் காசில்? சிக்கலே அதுதான். மைசூர்ப் பக்கத்து நாணயங்கள் ஒரு பக்கம், கம்பெனியின் நட்சத்திர வராகன் இன்னொரு பக்கம். மதராஸ் கணக்கில் 1 வராகனுக்கு 42 பணம், 1 பணத்துக்கு 80 காசு. அதாவது 1 வராகன் என்றால் 3,360 காசு. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதை வைத்துச் சந்தையில் ராகி வாங்கி விற்ற நம்ம ஊர்க்காரர்களை நினைத்தால் நிஜமாகவே மரியாதை வருகிறது.

வடக்கே இன்னும் மோசம். கல்கத்தாவில் சிக்கா ரூபாய், அதற்கு மேற்கே ஃபரூக்காபாத் ரூபாய், பம்பாய்ப் பக்கம் சூரத் ரூபாய் என்று ஊருக்கு ஒன்று. எல்லாம் ரூபாய்தான், ஆனால் எடை வேறு, மாற்று வேறு. அதனால் காசு கைமாறும் இடமெல்லாம் ஒரு சராப்பு உட்கார்ந்திருப்பார். நாணயத்தைத் தட்டிப் பார்த்து, உரைத்துப் பார்த்து, தேய்மானத்துக்கும் பழசுக்கும் வட்டம் பிடித்துக்கொண்டு மாற்றித் தருவார். நஷ்டம் எப்பவும் காசு கொண்டுவந்த விவசாயிக்குத்தான்.

இன்னொரு வேடிக்கை. கல்கத்தாவில் கம்பெனி அடித்த ரூபாயில் முகலாய பாதுஷா ஷா ஆலம் பெயர்தான் இருந்தது, அவருடைய ஆட்சியின் 19ஆம் ஆண்டு என்ற பொறிப்போடு. ஷா ஆலம் 1806இல் இறந்துவிட்டார். அப்புறமும் வருஷக்கணக்கில் அதே பெயர், அதே 19ஆம் ஆண்டு! ஆண்டு மாறினால் பழைய நாணயத்துக்குச் சராப்புகள் வட்டம் பிடிப்பார்கள் என்பதால் ஆண்டை அப்படியே உறைய வைத்துவிட்டார்கள்.

அப்பா ஒரு வழி, பிள்ளை ஒரு வழி

பிரின்செப் குடும்பத்துக்கு இந்தியாவும் காசும் புதுசு இல்லை. அப்பா ஜான் பிரின்செப் 1771இல் கிட்டத்தட்ட வெறுங்கையோடு வங்காளம் வந்தவர். துணி, அவுரிச் சாயம் என்று வியாபாரம் செய்து பெரும் பணக்காரர் ஆனார். கம்பெனிக்காகச் செப்புக் காசு அடித்துத் தரும் ஒப்பந்தத்தையும் எடுத்திருந்தார். பிள்ளைகளில் பல பேர் இந்தியாவுக்கே வந்தார்கள். அண்ணன் சார்லஸ் ராபர்ட் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்தபடியே சிங்கப்பூரில் ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்தார். சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பழக்கமான பிரின்செப் தெரு அவர் பெயரில் வந்ததுதான், ஜேம்ஸ் பெயரில் இல்லை.

ஜேம்ஸுக்குக் கட்டடக் கலையில்தான் ஆசை. லண்டனில் அகஸ்டஸ் பூஜின் என்ற கட்டடக் கலைஞரிடம் சேர்ந்து வரைபடம் வரையப் பழகினார். கண்ணில் கோளாறு வந்தது, படிப்பு நின்றது. இந்தியத் தங்கசாலையில் மாற்றுப் பார்க்க ஆள் தேவை என்று அப்பாவுக்குத் தெரியவர, பையனை லண்டன் அரசுத் தங்கசாலையில் பயிற்சிக்கு விட்டார். 1819 செப்டம்பரில் கல்கத்தாவில் வந்து இறங்கும்போது ஜேம்ஸுக்கு வயசு 20.

அடுத்த வருஷமே காசித் தங்கசாலைக்கு மாற்றல். அங்கே 10 வருஷம் இருந்தார். பகலில் வெள்ளி, மற்ற நேரத்தில் கட்டட ஆசை. தங்கசாலைக்குப் புதுக் கட்டடம், ஒரு தேவாலயம், கர்மநாசா ஆற்றின் மேல் கல்பாலம், நகரத்துக்குக் கழிவுநீர்ச் சுரங்கம் என்று வரிசையாகச் செய்தார். அவுரங்கசீப் காலத்து மசூதியின் சாய்ந்துகொண்டிருந்த மினார்களைச் சரி செய்ததும் இவர்தான். காசியின் வரைபடம் போட்டார், மக்கள்தொகையைக் கணக்கெடுத்தார், படித்துறைகளை ஓவியமாகவும் வரைந்து வைத்தார். கண் சரியில்லை என்று கட்டடக் கலையை விட்டவர் செய்த வேலை இது!

உலையின் சூட்டை அளக்கவும் ஒரு வழி கண்டுபிடித்தார். தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு விகிதத்தில் கலந்த துண்டுகளை உலைக்குள் வைப்பது. எந்தத் துண்டு உருகுது, எது உருகாமல் நிற்குது என்பதை வைத்துச் சூட்டைச் சொல்லிவிடலாம். இதற்காக 1828இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. அப்போது வயசு 28.

1835 ரூபாய்: உள்ளே மதராஸ் எடை

காசித் தங்கசாலை மூடப்பட்டதும் 1830இல் கல்கத்தா திரும்பினார். 1832இல் கல்கத்தாத் தங்கசாலையின் மாற்று அதிகாரி ஆனார். ஏசியாட்டிக் சொசைட்டியின் செயலாளர் பொறுப்பும் அதே வருஷம் வந்தது. இந்தியா முழுக்க எடையும் நாணயமும் ஒரே மாதிரி ஆகணும் என்று விடாமல் வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். நாட்டில் புழங்கிய நாணயம், எடை, அளவு எல்லாத்தையும் அட்டவணை போட்டு 1834இல் வெளியிட்டார். ஒரு கிரெயினில் 3,000இல் ஒரு பங்கு வரை காட்டும் தராசு ஒன்றையும் உருவாக்கினார். ஒரு கிரெயின் என்பதே சுமார் 65 மில்லிகிராம்தான்.

முதலில் எடை ஒழுங்கானது. 1833இல் 1 தோலா என்பது 180 கிரெயின் என்று முடிவு செய்தார்கள். பிறகு 1835ஆம் ஆண்டின் 17ஆவது சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கெல்லாம் ஒரே வெள்ளி ரூபாய். எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். 12 பங்கில் 11 பங்கு சுத்த வெள்ளி.

இந்த 180 கிரெயின் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நமக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருக்கு. மதராஸில் வராகனை ஓரங்கட்டி ரூபாயைக் கொண்டுவந்த 1818லேயே, அங்கே அடித்த ரூபாயின் எடையும் மாற்றும் இதேதான். மதராஸ் கணக்கைத்தான் பிறகு பம்பாய் பின்பற்றியது, கடைசியில் மொத்த நாடும். தங்கசாலைத் தெருவில் போக்குவரத்து நெரிசலில் மாட்டும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

நாணயத்தின் ஒரு பக்கம் நான்காம் வில்லியம் மன்னரின் தலை. மறுபக்கம் மாலை வளையத்துக்குள் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் ஒரு ரூபாய் என்ற எழுத்து. பாதுஷா பெயர் போயே போச்சு. ஒரே நாணயம் வந்ததில் வியாபாரிக்கும் விவசாயிக்கும் வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் வரியைச் சிந்தாமல் சிதறாமல் அள்ள கம்பெனிக்குக் கிடைத்த வசதி அதைவிடப் பெரியது. இனி இந்த நாடு யாருடையது என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வரவும் அந்த நாணயமே போதுமானதாக இருந்தது.

முகம் செதுக்குவது, அச்சு வெட்டுவது எல்லாம் வேறு ஆட்களின் வேலை. தங்கசாலைத் தலைவரான ஃபோர்ப்ஸின் முதலெழுத்தைச் சில நாணயங்களில் மன்னரின் கழுத்துக்கு அடியில் பார்க்கலாம். பிரின்செப்பின் பெயர் எங்கேயும் இல்லை. அவர் பங்கு கண்ணுக்குத் தெரியாத எடையிலும் மாற்றிலும் இருக்கிறது. அந்த எடையும் மாற்றும் 1940 வரைக்கும் நின்றன. அதற்குப் பிறகுதான் இரண்டாம் உலகப் போர் நெருக்கடியில் வெள்ளியின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள்.

உங்க வீட்டில் 1835 நாணயம் இருக்கா?

பழைய நாணயம் என்றாலே லட்சம், கோடி என்று வாட்ஸ்ஆப்பில் சுத்தும் மெசேஜ்களால் இதைச் சொல்லவேண்டி இருக்கு. புது நாணயம் வெளியிடும் முன் தங்கசாலையில் சில மாதிரிகளை அடித்துப் பார்ப்பார்கள். வடிவம் பிடிக்கலைன்னா அப்படியே விட்டுவிடுவார்கள். அதுதான் மாதிரி நாணயம். அமெரிக்காவில் 1879இல் அடித்த ஸ்டெல்லா என்ற 4 டாலர் தங்க நாணயம் இப்படிப்பட்டது. புழக்கத்துக்கே வரவில்லை, இன்று சேகரிப்பாளர்கள் அதற்காகப் பெரும் பணம் கொடுக்கிறார்கள். நம்ம ஊர் ஒரே ரூபாய்க்கும் 1834 என்று ஆண்டு பொறித்த மாதிரிகள் உண்டு. அபூர்வம் என்றால் அவைதான்.

1835 என்று போட்ட சாதாரண வெள்ளி ரூபாய் ஏராளமாக அடிக்கப்பட்டது. அதில் லட்சாதிபதி ஆகிவிட முடியாது. பழைய அச்சை வைத்துப் பின்னாளில் தங்கசாலையிலேயே அடித்த மறுபதிப்புகளும் இருக்கின்றன. பழைய நாணயத்தை வாங்குகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லி மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது.

தானம் என்ற ஒரு சொல்

மாற்றுப் பார்ப்பவர் கைக்குப் பழைய நாணயங்கள் வருவது இயல்பு. பஞ்சாபிலும் ஆப்கானிஸ்தானிலும் தோண்டி எடுத்த நாணயங்களைப் பல பேர் பிரின்செப்புக்கு அனுப்பிவைத்தார்கள். சிலவற்றில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. இரண்டு பக்கமும் ஒரே அரசன் பெயர்தான் இருக்கணும் என்று பிடித்துக்கொண்டு கரோஷ்டி எழுத்தில் முன்னேறினார். இதே முறையில் அகதோக்ளிஸ் என்ற அரசனின் நாணயத்தைக் கொண்டு 1836இல் கிறிஸ்டியன் லாசென் என்ற அறிஞர் சில பிராமி எழுத்துகளை அடையாளம் கண்டிருந்தார். ஆனால் டெல்லியிலும் அலகாபாத்திலும் நின்ற தூண்களில் இருந்த நீண்ட எழுத்துகள் மட்டும் அசையவே இல்லை.

பூட்டு திறந்தது 1837இல். சாஞ்சி ஸ்தூபியிலிருந்து நிறைய சின்னச் சின்னக் கல்வெட்டுகளின் படிகள் வந்திருந்தன. அச்சுக்குத் தயார் செய்து வரிசையாக வைத்துப் பார்த்தபோது பிரின்செப் ஒன்றைக் கவனித்தார். எல்லாம் தனித்தனி வரிகள், ஆனால் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துகளில் முடிகின்றன.

நம்ம கோயிலில் ட்யூப் லைட்டிலும் மின்விசிறியிலும் பெயர் எழுதி உபயம் என்று போடுவோம் இல்லையா? அதேதான் அங்கேயும். ஸ்தூபிக்கு ஒரு கல், ஒரு தூண் என்று கொடுத்தவர்கள் தங்கள் பெயரை வெட்டிவைத்துக் கடைசியில் தானம் என்று முடித்திருக்கிறார்கள். த, ன இரண்டும் கிடைத்தன. அதற்கு முன் வருவது இன்னாருடைய என்ற உருபு என்பதைக் குஜராத் பக்கத்துப் பழைய நாணயங்களைப் படித்த பழக்கத்தில் பிடித்தார். அப்புறம் மளமளவென்று மற்ற எழுத்துகள் வந்தன. கொஞ்ச நாளிலேயே டெல்லித் தூணைப் படித்துவிட்டார்.

தூணில் பேசிய அரசன் தன்னைப் பியதசி என்று சொல்லிக்கொண்டான். யார் அது? பதில் இலங்கையிலிருந்து வந்தது. அங்கே கம்பெனி இல்லாத தனி அரசுப் பணியில் இருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களைப் படித்து, பியதசி என்பது மௌரிய அசோகரின் பெயர்தான் என்று காட்டினார். பிரின்செப்புக்கு உதவிய பண்டிதர்களில் கமலாகாந்த வித்யாலங்கார் முக்கியமானவர். பாடப் புத்தகத்தில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

குஜராத்தின் கிர்னார் பாறையில் இருந்த அசோகர் கட்டளைகளை 1838இல் பிரின்செப் வெளியிட்டார். அதில் இரண்டாவது கட்டளை மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்தது, மூலிகைகள் நட்டது, வழியில் கிணறு வெட்டியது பற்றிப் பேசுகிறது. தன் ஆட்சிக்கு வெளியே, எல்லைக்கு அப்பால் இருந்தவர்களின் நாடுகளிலும் இதைச் செய்ததாக அசோகர் வரிசை போடுகிறார். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் புரிகிறது. அந்த வரிசையில் இன்னொரு பெயரும் உண்டு, சதியபுத்திரர்.

மூவேந்தரோடு சரிசமமாக நிற்கும் இந்த நான்காவது ஆள் யார்?

ஜம்பையில் கிடைத்த விடை

பிரின்செப்புக்கு அதைத் தேட நேரம் இருக்கவில்லை. தங்கசாலை, சொசைட்டி, மாத இதழ், கல்வெட்டு, கடிதம் என்று ஒரே ஆள் இழுத்துக்கொண்டிருந்தார். 1835இல்தான் ஹாரியட்டைத் திருமணம் செய்திருந்தார். 1838இல் தாங்க முடியாத தலைவலி ஆரம்பித்தது, கூடவே மனமும் குழம்பத் தொடங்கியது. அந்த ஆண்டு இறுதியில் கப்பல் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். குணமாகவில்லை. 1840 ஏப்ரல் 22இல் லண்டனில் இறந்தபோது வயசு 40. கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் அவர் நினைவாக 1843இல் ஒரு படித்துறை கட்டினார்கள். பிரின்செப் காட் என்று இன்றும் இருக்கிறது. அவரிடம் பழகிய இளம் ராணுவ அதிகாரி அலெக்சாண்டர் கன்னிங்ஹாம்தான் பிறகு இந்தியத் தொல்லியல் துறையைத் தொடங்கியவர்.

சதியபுத்திரர் கேள்வி அடுத்த 140 வருஷத்துக்கு ஆராய்ச்சியாளர்களைச் சுத்தலில் விட்டது. காஞ்சிபுரம் என்றார்கள், துளு நாடு என்றார்கள், மகாராஷ்டிரம் என்றும் சொன்னார்கள். அதியமானாக இருக்கலாம் என்று ஒலி ஒற்றுமையை வைத்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். யாரிடமும் ஆதாரம் இல்லை. இதற்கிடையே மதுரைப் பக்கத்து மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சுவெல் கண்டார். அவற்றில் இருப்பது தமிழ் என்று 1924இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் காட்டினார். பிரின்செப் திறந்த அதே பிராமி எழுத்து, தமிழுக்கு ஏற்ப மாற்றம் பெற்ற வடிவம்.

1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்ற கிராமத்துக் குன்றில், ஒரு குகையில் தமிழ்-பிராமியில் ஒற்றை வரி கிடைத்தது. கண்டுபிடித்தது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. அப்போது துறை இயக்குநர் இரா.நாகசாமி. சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி இந்தக் குகை இருப்பிடத்தைத் தானமாகக் கொடுத்தான் என்பது அதன் பொருள். அசோகர் சொன்ன பட்டமும் அவ்வை பாடிய பெயரும் ஒரே வரியில்! சாஞ்சியில் எழுத்தைத் திறந்ததும் தானம், ஜம்பையில் கிடைத்ததும் தானம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்த்துவிடலாம். அசோகர் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. ஜம்பைக் கல்வெட்டைக் கி.பி. 1ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கிறார்கள். ஆகவே அசோகர் சொன்னது இந்த அஞ்சியை இல்லை, அவருடைய முன்னோரை. சோஷியல் மீடியாவில் அசோகரின் நண்பர் அதியமான் என்று வரும் பதிவுகள் இதைக் கவனிப்பதில்லை. உண்மை அதைவிடப் பெருசு. ஒரே பட்டத்தை ஒரு குலம் பல தலைமுறைகளாகக் கைவிடாமல் வைத்திருக்கிறது.

பட்டப்படிப்பில் புறநானூறு நடத்தும்போது தகடூர்ப் போர் வரும். பெருஞ்சேரல் இரும்பொறை கோட்டையை அழித்தது வரும், தகடூர் யாத்திரை என்ற நூல் முழுசாகக் கிடைக்காமல் போனதும் வரும். எங்கள் வகுப்பில் ஜம்பை இரண்டு வரியில் முடிந்தது. பிரின்செப் வரவே இல்லை.

ஜம்பை தென்பெண்ணை ஆற்றுப் பக்கத்து ஊர். தருமபுரி மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு, சாத்தனூர் அணையைத் தாண்டி அங்கே போவதும் அதே தென்பெண்ணைதான். தகடூர் அதியமானின் கை எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பதற்கு அந்தக் குகை ஒரு எல்லைக்கல். அரூர் பக்கத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகத் திருக்கோவிலூர் போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.